கரிமக் குறைக்கடத்திகளில் ஸ்பின் கடத்தல்: சேலம், ஏற்காடு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம், கருப்பூர், ஏற்காடு பக்கத்துக் கல்லூரிகளில் முதுகலைத் திட்டப்பணிக்கோ முனைவர் பட்டத்துக்கோ இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். அடிப்படைகளைச் சுருக்கமாக முடித்துவிட்டு, சாம்பிள் செய்யும்போதும் அளக்கும்போதும் கை சுடும் இடங்களில் நின்று பேசியிருக்கிறோம்.

ஸ்பின் கடத்தல் என்றால் சரியாக என்ன?

எலக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம் போல நடந்துகொள்ளும்; அந்தப் பண்புதான் ஸ்பின். அதை ஒரு திசையை வைத்து அளந்தால் மேல் அல்லது கீழ் என்று இரண்டே விடைகள் வரும். செம்புக் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தில் இரண்டும் சம அளவில் இருப்பதால் ஸ்பின் கணக்குக்கே வருவதில்லை. கோபால்ட், இரும்பு போன்ற ஃபெரோகாந்தத்திலிருந்து வரும் மின்னோட்டத்தில் ஒரு வகை கூடுதலாக இருக்கும். அந்த ஏற்றத்தாழ்வை வேறொரு பொருளுக்குள் செலுத்தி, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் கலையாமல் போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. நேரத்துக்கு ஸ்பின் ஆயுள் என்று பெயர். தூரத்துக்கு ஸ்பின் பரவல் நீளம். ஆயுள் நீண்டால் தூரமும் தானாக நீளும் என்று பல ஆய்வேடுகளில் எழுதியிருக்கிறார்கள். கரிமப் பொருளில் அது பொய்த்துப்போகும்.

சிலிக்கான் இருக்கும்போது கரிமப் பொருள் எதற்கு?

ஸ்பின்னைக் கலைப்பதில் முதல் எதிரி ஸ்பின்-ஆர்பிட் இணைப்பு. அது அணு எண்ணின் நான்காம் அடுக்கை ஒட்டி ஏறுகிறது. கரிமக் குறைக்கடத்தி பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். கார்பனின் அணு எண் 6, சிலிக்கானுடையது 14. தவிர, இயற்கைக் கார்பனில் ஏறக்குறைய 99 சதவீதம் கார்பன்-12. அதன் அணுக்கருவுக்கு ஸ்பின்னே கிடையாது. ஆகவே இங்கே ஸ்பின் ஆயுள் மைக்ரோ விநாடி அளவுக்குப் போகிறது.

இனி தூரத்துக்கு வருவோம். இயக்கத்திறனை (மின்புலத்தில் மின்துகள் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்ற அளவு) 0.026 வோல்ட்டால் பெருக்கினால் அறை வெப்பநிலையில் பரவல் குணகம் கிடைக்கும். அதை ஸ்பின் ஆயுளால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஸ்பின் பரவல் நீளம். அல்க்யூ3 எனப்படும் அலுமினியம் குயினோலின் சேர்மத்தில் எலக்ட்ரான் இயக்கத்திறன் 10⁻⁵ சதுர செ.மீ./வோல்ட்-விநாடி என்று வையுங்கள். ஆயுள் 1 மைக்ரோ விநாடி. விடை வெறும் 5 நானோமீட்டர். அதே ஆயுளோடு இயக்கத்திறன் 0.1 உள்ள நல்ல பாலிமரை எடுத்தால் 500 நானோமீட்டர். ஆயுள் ஒன்றுதான், தூரம் நூறு மடங்கு. பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அப்படியானால் அல்க்யூ3-இல் 100 நானோமீட்டருக்கு மேல் ஸ்பின் போனதாகச் சொல்கிறார்களே?

நியாயமான கேள்வி. இந்தத் துறையின் சண்டை முழுக்க இதைச் சுற்றித்தான்.

2002-இல் இத்தாலியில் டெடியூ குழு செக்சிதயோஃபீன் படலத்தில் அறை வெப்பநிலையிலேயே ஸ்பின் செலுத்தியதாக அறிவித்தது. 2004-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் சியோங், வர்தெனி, ஷி ஆகியோர் எல்எஸ்எம்ஓ எனப்படும் லாந்தனம் ஸ்ட்ரான்ஷியம் மாங்கனைட்டுக்கும் கோபால்ட்டுக்கும் நடுவே அல்க்யூ3 வைத்து, 11 கெல்வினில் 40 சதவீதம் அளவுக்குக் காந்தமின்தடை (காந்தப்புலத்தால் மின்தடை மாறும் அளவு) காட்டினார்கள். அவர்கள் கணித்த ஸ்பின் பரவல் நீளம் 45 நானோமீட்டர். ஆனால் அதே கட்டுரையில், மேல் மின்முனைக்குக் கீழே ஏறத்தாழ 100 நானோமீட்டருக்குக் கோபால்ட் கலந்து தெளிவில்லாத ஒரு படலம் இருப்பதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கழித்தால் ஸ்பின் உண்மையில் கடந்த கரிமப் படலம் எவ்வளவு? சந்தேகக்காரர்கள் பிடித்துக்கொண்ட இடம் அதுதான்.

2009-இல் மியூவான் ஸ்பின் சுழற்சி முறையிலும், இரு ஃபோட்டான் ஒளிமின் உமிழ்வு முறையிலும் ஸ்பின் கரிமப் படலத்துக்குள் நுழைவதை மின்தடையை நம்பாமலேயே காட்டினார்கள். ஆகவே ஸ்பின் உள்ளே போவதில் இப்போது பெரிய வழக்கு இல்லை. உங்கள் சாம்பிளில் போனதா என்பதற்கு மட்டும் நீங்கள்தான் சாட்சி தேட வேண்டும்.

காந்தமின்தடை சிலருக்கு எதிர்க்குறியோடும் சிலருக்கு நேர்க்குறியோடும் வருகிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். 2004-இன் சாம்பிளில் இரு மின்முனைகளும் எதிரெதிராகக் காந்தமானபோது மின்தடை குறைந்தது. 2010-இல் பாரோ குழு அதே எல்எஸ்எம்ஓ, அல்க்யூ3, கோபால்ட் மூன்றையும் வைத்து, நானோ அளவு ஊசிமுனைத் தொடர்பில் 2 கெல்வினில் 300 சதவீதம், அதுவும் நேர்க்குறியோடு எடுத்தது.

அந்த 300-ஐக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்போம். ஜூலியர் சூத்திரப்படி, இரு மின்முனைகளின் ஸ்பின் முனைவாக்கங்களை (ஒரு வகை ஸ்பின் எவ்வளவு கூடுதல் என்பதன் பின்னம்) ஒன்றோடொன்று பெருக்கி, அந்தப் பெருக்கத்தை இரட்டித்து, 1-இலிருந்து அந்தப் பெருக்கத்தைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். எல்எஸ்எம்ஓவுக்கு முழு 1 கொடுங்கள். கோபால்ட்டுக்கு வழக்கமான 0.4. விடை 133 சதவீதம்தான். 300 வர வேண்டுமென்றால் பெருக்கம் 0.6 ஆக வேண்டும். அதாவது கரிம மூலக்கூறு ஒட்டிய கோபால்ட் பரப்பு, வெறும் கோபால்ட்டாக நடந்துகொள்ளவில்லை. மூலக்கூறின் ஆற்றல் மட்டங்கள் உலோகத்தோடு கலந்து, இடைமுகமே புதியதொரு ஸ்பின் வடிகட்டியாகிவிடுகிறது. இதற்கு 'ஸ்பின்டர்ஃபேஸ்' என்று 2010-இல் சான்விட்டோ பெயர் சூட்டினார். குறி, அளவு இரண்டையும் நடுவிலிருக்கும் படலத்தைவிட இந்த ஓரிரு மூலக்கூறு அடுக்குகள்தான் தீர்மானிக்கின்றன என்பதே எங்கள் கணிப்பும். அதனால்தான் ஒரே மாணவர் ஒரே வாரத்தில் செய்த இரண்டு சாம்பிள்கள்கூட ஒத்துப்போவதில்லை.

'கடத்துதிறன் பொருத்தமின்மை' என்கிறார்களே, அது நம்மையும் பாதிக்குமா?

பாதிக்கும். உலோகத்தின் மின்தடை மிகக் குறைவு, குறைக்கடத்தியுடையது மிக அதிகம் என்றால், மொத்த மின்தடையில் ஸ்பின்னைச் சார்ந்த பங்கு கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். 2000-இல் ஷ்மிட் குழு இதைக் கணக்காகக் காட்டியது. ஸ்பின்னைச் சார்ந்த சுரங்கத்தடை (எலக்ட்ரான் குவாண்டம் முறையில் ஊடுருவிக் கடக்கும் மெல்லிய காப்புப் படலம்) ஒன்றை நடுவில் வைத்தால் தப்பலாம் என்று அதே ஆண்டு ராஷ்பா காட்டினார். கரிமப் பொருளில் மின்முனையிலிருந்து மூலக்கூறுக்குத் தாவுவதே பெரும்பாலும் சுரங்க முறையில் நடப்பதால், அந்தத் தடை ஓரளவு தானாகவே அமைந்துவிடுகிறது. 1 முதல் 2 நானோமீட்டர் அலுமினியம் ஆக்சைடோ மக்னீசியம் ஆக்சைடோ சேர்ப்பவர்களும் உண்டு.

ஸ்பின் வால்வு ஒன்றைச் செய்யும் வரிசை என்ன?

இரு காந்த மின்முனைகளுக்கு நடுவே கரிமப் படலம் வைத்த சாதனம்தான் ஸ்பின் வால்வு. எல்எஸ்எம்ஓ/அல்க்யூ3/கோபால்ட் அடுக்கையே எடுத்துக்கொள்வோம்.

கீழ் மின்முனை, ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் படிகத்தின் மேல் பல்ஸ்டு லேசர் முறையில் வளர்த்த எல்எஸ்எம்ஓ. இதை வெளியிலிருந்து வாங்குவதுதான் நடைமுறை. காற்று பட்டாலும் கெடாது, கரைப்பானில் கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்பதால்தான் இதை எல்லோரும் விரும்புகிறார்கள். அசிட்டோன், பிறகு ஐசோபுரொப்பனால், ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் அல்ட்ராசோனிக். உலர்த்திய உடனே சேம்பருக்குள் போக வேண்டும்.

அல்க்யூ3 பதங்கமாக்கித் தூய்மை செய்ததாக இருக்க வேண்டும். 10⁻⁶ மில்லிபாருக்குக் கீழே வந்தபின், ஷட்டரை மூடியே வைத்து மின்னோட்டத்தை மெதுவாக ஏற்றுங்கள். தூளுக்குள் இருக்கும் ஈரமும் வாயுவும் முதலில் வெளியேறும். அழுத்தமானி ஒரு தாவு தாவிவிட்டு இறங்கும். இறங்கும் வரை ஷட்டரைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டால் தூள் தெறித்துப் படலத்தில் துகள் விழும். அந்தத் துகளே பின்னால் ஷார்ட் ஆகும். வேகம் விநாடிக்கு 0.1 நானோமீட்டர். தடிமன்மானியில் அடர்த்தி 1.3 என்று போடுங்கள். பழைய அலுமினியத்துக்கான 2.7 அப்படியே இருந்தால் திரையில் 50 காட்டும்போது உண்மையில் 100-க்கு மேல் படிந்திருக்கும். தடிமனை ஒருமுறையாவது புரொஃபைலோமீட்டரில் சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது கோபால்ட். பெரும்பாலான சாம்பிள்கள் சாவது இங்கேதான். எலக்ட்ரான் கற்றையால் உருக்கிய கோபால்ட் அணுக்கள் அதிக ஆற்றலோடு, ஈர மண்ணில் ஆலங்கட்டி விழுவதுபோல, மென்மையான கரிமப் படலத்துக்குள் இறங்கிவிடும். தடுக்க மூன்று வழிகள்: சாம்பிள் தாங்கியைக் குளிர்விப்பது, வேகத்தை விநாடிக்கு 0.02 நானோமீட்டர் அளவுக்குக் குறைப்பது, மூலத்துக்கும் சாம்பிளுக்கும் இடையே தூரத்தைக் கூட்டுவது. மூன்றையும் சேர்த்துச் செய்யுங்கள். 10 முதல் 15 நானோமீட்டர் போதும். மேலே 40 நானோமீட்டர் அலுமினியம் மூடி, வெற்றிடத்தை உடைக்காமலேயே. மூடி இல்லாவிட்டால் கோபால்ட் ஆக்சைடு உருவாகும். அது ஏறத்தாழ 290 கெல்வினுக்குக் கீழே எதிர்ஃபெரோகாந்தம் ஆகி, குளிர்வித்ததும் காந்தமாக்க வளையத்தை ஒரு பக்கமாக நகர்த்திவிடும். வளையம் சுழியத்தைச் சுற்றிச் சமச்சீராக இல்லையென்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கம்பி ஒட்டும்போது வெள்ளிப் பசையைக் கரிமப் படலத்துக்கு அருகே கொண்டுவராதீர்கள். பசையின் கரைப்பான் பரவி அடியில் நுழையும். படலத்துக்கு வெளியே நீளும் மின்முனை நுனியில் இண்டியம் அழுத்தி ஒட்டுவது பாதுகாப்பு.

அளக்கும்போது எந்த மின்னழுத்தம், எந்தக் காந்தப்புலம்?

10 முதல் 100 மில்லிவோல்ட்டில் தொடங்குங்கள். மின்னழுத்தம் ஏற ஏற ஸ்பின் சிக்னல் சரியும். 1 வோல்ட்டுக்கு மேல் பெரும்பாலும் காணாமல் போகும். எல்எஸ்எம்ஓவின் காந்தத் திசை சில மில்லிடெஸ்லாவிலேயே திரும்பிவிடும், கோபால்ட்டுடையது பத்து மில்லிடெஸ்லாவுக்கு மேல். ஆகவே ±100 மில்லிடெஸ்லா வீச்சு போதும். ஆனால் ±30-க்குள் புள்ளிகளை நெருக்கமாக வையுங்கள். 5 மில்லிடெஸ்லா இடைவெளியில் அளந்துவிட்டு, மின்தடை வரைபடத்தில் படியே (மின்முனை ஒன்று திரும்பும்போது வரும் தாவல்) இல்லை என்று சொல்பவர்கள் உண்டு.

சோர்ஸ் மீட்டரில் ஆட்டோ ரேஞ்சை அணைத்துவிடுங்கள். ரேஞ்ச் மாறும் கணத்தில் வரும் மின்னழுத்தத் தாவல் மெல்லிய படலத்தைத் துளைத்துவிடும். கம்பிகளை இணைக்கும்போதும் கழற்றும்போதும் எல்லா முனைகளையும் தரையோடு சேர்த்து வையுங்கள்.

மின்தடை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, படியும் இல்லை. என்ன ஆயிற்று?

ஷார்ட். உறுதிசெய்ய, குளிர்வித்துப் பாருங்கள். கரிமப் படலம் வழியாகப் போகும் மின்னோட்டம் குளிர்வித்தால் குறையும், மின்னழுத்த-மின்னோட்டக் கோடு வளைந்திருக்கும். கோடு நேராகவும், குளிர்வித்தால் மின்தடை இறங்கிக்கொண்டும் போனால் கோபால்ட் இழை கீழ்வரை தொட்டுவிட்டது. இதில் ஒரு குழப்பம் உண்டு: எல்எஸ்எம்ஓவின் சொந்த மின்தடையும் குளிரில் இறங்கும். அதைத் தனியாக அளந்து வைத்திருந்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

படி அழகாகத் தெரிகிறது. ஸ்பின் கடத்தல் நிரூபணம் ஆகிவிட்டதல்லவா?

இல்லை. அந்த ஒரு வரைபடத்தை மட்டும் வைத்து எழுதிய ஆய்வேட்டைத் தேர்வாளர் திருப்பி அனுப்பினால் அவர்மேல் வருத்தப்படாதீர்கள்.

அதே படியைக் காட்டக்கூடிய வேறு காரணங்கள் பல. மின்முனையின் திசைசார் காந்தமின்தடை (மின்னோட்டத்துக்கும் காந்தத் திசைக்கும் இடையிலான கோணத்தால் மின்தடை மாறுவது) முதல் ஆள். எல்எஸ்எம்ஓ பட்டையையும் கோபால்ட் பட்டையையும் தனித்தனியாக அதே புலத்தில் அளந்தால் தெரிந்துவிடும். அடுத்தது சுரங்கத் திசைசார் காந்தமின்தடை. ஒரே ஒரு காந்த மின்முனை இருந்தாலே இது ஸ்பின் வால்வு மாதிரி நடிக்கும். 2011-இல் எல்எஸ்எம்ஓ சாம்பிள்களில் இது வெளிப்பட்டது. ஆகவே கோபால்ட்டுக்குப் பதில் வெறும் அலுமினியம் வைத்த ஒரு சாம்பிளையும், அதே நாள் அதே சேம்பரில், கட்டாயம் செய்யுங்கள். அதில் படி மறைய வேண்டும். மறையாவிட்டால் புலத்தின் கோணத்தைத் திருப்பி அளந்து பாருங்கள்.

மூன்றாவது, வடிவக் கோளாறு. குறுக்குப் பட்டை அமைப்பில் நான்கு முனை அளவீடு எப்போதும் உண்மை சொல்லாது. எல்எஸ்எம்ஓவின் மின்தடைமை அறை வெப்பநிலையில் 2 மில்லி ஓம்-செ.மீ. என்று வைத்தால், 20 நானோமீட்டர் படலத்தின் சதுரத் தடை (ஒரு சதுரத் துண்டின் மின்தடை) 1000 ஓம். சந்தியின் மின்தடையும் சில நூறு ஓம்தான் என்றால் மின்னோட்டம் சந்தி முழுக்கச் சமமாகப் பாயாது. ஓர் ஓரத்தில் குவியும். அப்போது அளவீடு உண்மையைவிடக் குறைந்த மின்தடையைக் காட்டும், சில சமயம் எதிர்க்குறியில்கூட. காந்தமின்தடைச் சதவீதம் பொய்யாகப் பல மடங்கு ஊதிவிடும். சந்தியின் மின்தடை மின்முனையின் சதுரத் தடையைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றைக் கடந்தபின், தடிமன் வரிசை. ஒரே தடிமனில் பத்து சாம்பிள் செய்வதைவிட, ஐந்து தடிமனில் இரண்டிரண்டு செய்வது மேல். சிக்னல் தடிமனோடு அடுக்குக்குறியாகத் தேய வேண்டும். படிகள் விழும் புலங்கள், காந்தமாக்க அளவியில் கிடைத்த திரும்புபுலங்களோடு (மின்முனையின் காந்தத் திசை திரும்பும் புலங்கள்) பொருந்த வேண்டும். அதற்கான கருவி உள்ளூரில் இல்லாவிட்டால் சென்னை ஐஐடி போன்ற இடங்களின் மையக் கருவிக்கூடங்களுக்கு அனுப்பலாம்.

ஹான்லே அளவீடு செய்தால் சந்தேகமே இருக்காதே?

சிலிக்கானிலும் கிராஃபீனிலும் அப்படித்தான். குறுக்கே ஒரு புலம் கொடுத்தால் ஸ்பின் சுழன்று கலையும், சிக்னல் மறையும். கரிமப் பொருளில் கதை வேறு. எலக்ட்ரான் ஸ்பின் 1 மில்லிடெஸ்லாவில் விநாடிக்கு 2.8 கோடி முறை சுழலும். ஆயுள் 1 மைக்ரோ விநாடி என்றால் ஹான்லே வளைவின் அரை அகலம் 6 மைக்ரோடெஸ்லாவுக்கும் கீழே. சேலத்தில் பூமியின் காந்தப்புலமே ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. காந்த நிலநடுக்கோடு நமக்குத் தெற்கே அதிகத் தொலைவில் இல்லை என்பதால் அது கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் படுத்திருக்கிறது. சாம்பிளை மேசையில் படுக்கப் போட்டால் படலத்தின் தளத்திலேயே விழும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளால் அதைச் சமன் செய்யாமல் இந்த அளவீட்டில் இறங்கவே கூடாது. கஞ்சமலை அடிவாரத்தில் மேக்னடைட் பாறைக்கு அருகே இருப்பவர்கள் புத்தக மதிப்பை நம்பாமல் தங்கள் மேசையிலேயே அளந்துகொள்ளுங்கள்.

அத்தனை செய்தும் வளைவு வராமல் போகலாம். அல்க்யூ3 ஸ்பின் வால்வில் ஹான்லே விளைவு காணவில்லை என்று 2013-இல் இரு குழுக்கள் வெளியிட்டன. எலக்ட்ரான் தாவிப் போகாமலேயே, அண்டை எலக்ட்ரான்களுக்கு இடையே பரிமாற்ற இணைப்பு வழியாக ஸ்பின் மட்டும் வேகமாக நகர்வதால் சுழல நேரமில்லை என்பது ஒரு விளக்கம். நடப்பது ஊசித்துளை வழியான சுரங்க மின்னோட்டம்தான், கரிமப் படலத்துக்கு அதில் வேலையே இல்லை என்பது மற்றொன்று. பரிமாற்ற விளக்கத்துக்கு ஆதரவு பின்னால் வந்தது: அதிகம் டோப் செய்த (மின்துகள்களைக் கூட்ட வேதிப்பொருள் சேர்த்த) பிபிடிடிடி பாலிமரில் 1 மைக்ரோமீட்டரைத் தாண்டிய ஸ்பின் பரவல் நீளம் 2019-இல் வெளியானது.

ஹைட்ரஜனை டியூட்டீரியமாக மாற்றினால் என்ன ஆகும்?

ஹைட்ரஜன் அணுக்கருவின் ஸ்பின், எலக்ட்ரான் ஸ்பின்மேல் சில மில்லிடெஸ்லா அளவுக்குத் தாறுமாறான புலத்தைச் செலுத்துகிறது. டியூட்டீரியத்தின் காந்தத் திருப்புத்திறன் குறைவு என்பதால் அந்தப் புலம் சுருங்கும். 2010-இல் யூட்டா குழு ஒரு பிபிவி வகைப் பாலிமரில் இதைச் செய்து ஸ்பின் வால்வு சிக்னல் கூடுவதைக் காட்டியது. முனைவர் பட்டத்துக்கு நல்ல சோதனை. முதுகலைத் திட்டத்துக்குக் காசு கட்டுப்படியாகாது.

எங்கள் கல்லூரியில் லேசர் டெபாசிஷனும் இல்லை, ஹீலியமும் இல்லை. எதையாவது செய்ய முடியுமா?

முடியும். கரிமக் காந்தமின்தடை, சுருக்கமாக ஓமார், உங்களுக்கானது. காந்த மின்முனையே வேண்டாம், குளிர்விக்கவும் வேண்டாம். சாதாரண ஓஎல்இடி (கரிம ஒளி உமிழ் டையோடு) அமைப்பில் சில பத்து மில்லிடெஸ்லா கொடுத்தாலே மின்னோட்டம் சில சதவீதம் மாறும். ஹால் விளைவுச் சோதனைக்கு வைத்திருக்கும் மின்காந்தமே போதும். ஸ்பின் வால்வு அல்ல என்றாலும், அணுக்கருப் புலம் ஸ்பின் ஜோடிகளைக் கலக்கும் அதே இயற்பியலை இது காட்டுகிறது.

சதுரத் தடை 15 ஓம் உள்ள ஐடிஓ (ஒளி புகும் மின்கடத்திப் பூச்சு) கண்ணாடியைச் சோப்புக் கரைசல், அயனி நீக்கிய நீர், அசிட்டோன், ஐசோபுரொப்பனால் என்று வரிசையாக 10 நிமிடங்கள் கழுவி, 15 நிமிடம் யுவி-ஓசோனில் வையுங்கள். பெடாட்:பிஎஸ்எஸ் என்ற மின்கடத்தும் பாலிமர்க் கரைசலை 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாக விட்டு, 3000 சுற்றில் பூசி, 120 டிகிரியில் 15 நிமிடம் சுடுங்கள். மேலே அல்க்யூ3 80 முதல் 100 நானோமீட்டர், லித்தியம் ஃபுளோரைடு 1 நானோமீட்டருக்கும் குறைவாக, அலுமினியம் 100 நானோமீட்டர். கண்ணாடி மூடியும் யுவி எப்பாக்சியும் வைத்து அடைத்துவிடுங்கள்.

அளவீட்டில் சிக்கல் டிரிஃப்ட். சாதனம் ஓட ஓட மின்னோட்டம் தானாகவே இறங்கும். நிமிடத்துக்கு ஒரு சதவீதம் என்பது சாதாரணம், நீங்கள் தேடுவதும் அதே அளவுதான். ஆகவே புலத்தை ஒரே மூச்சில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். சுழியம், புலம், சுழியம் என்று மாற்றி மாற்றி அளந்து, முன்னும் பின்னுமான சுழிய அளவுகளின் சராசரியோடு ஒப்பிடுங்கள். மின்காந்தத்தில் மின்னோட்டம் சுழியம் என்றால் புலமும் சுழியம் என்று நினைக்க வேண்டாம். இரும்பு முனையில் சில மில்லிடெஸ்லா மிச்சம் இருக்கும், ஓமார் வளைவின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஹால் புரோபைச் சாம்பிளுக்குப் பக்கத்திலேயே வைத்து, புலத்தின் மதிப்பை அதிலிருந்து எடுங்கள். சுருள் சூடானால் சாம்பிளும் சூடாகும். நடுவே ஒரு தடுப்பு வையுங்கள், அறை வெளிச்சத்தையும் மறையுங்கள்.

வளைவு நேர்ப்புலத்துக்கும் எதிர்ப்புலத்துக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் டிரிஃப்ட்டை இன்னும் கழிக்கவில்லை என்று பொருள்.

ஏற்காட்டு மூடுபனியில் இந்த வேலை நடக்குமா?

பெடாட்:பிஎஸ்எஸ் காற்றிலிருந்து நீரை உறிஞ்சும். மூடுபனி நாட்களில் சுட்ட தட்டை ஹாட் பிளேட்டிலிருந்து எடுத்து மேசையில் ஐந்து நிமிடம் வைத்தாலே சுட்டது வீண். நேராக வெற்றிடத்துக்கோ க்ளவ் பாக்சுக்கோ போகட்டும். க்ளவ் பாக்சில் நீரும் ஆக்சிஜனும் 1 பிபிஎம்முக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரமான காலத்தில் ஆன்டி சேம்பரை ஒன்றுக்கு மூன்று முறை வெற்றிடமாக்கி நிரப்புங்கள். சேம்பரைக் காற்றுக்குத் திறப்பதாக இருந்தால் உலர் நைட்ரஜனை விட்டுத் திறக்க வேண்டும்.

சமவெளியில் சிக்கல் வேறு. ஏப்ரல், மே வெயிலில் டர்போ பம்பின் குளிர்நீர் சூடாகி, பம்ப் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். மின்வெட்டுக்கு ரோட்டரி பம்பின் எண்ணெய் ஆவி பின்னோக்கி ஏறாமல் தானாக மூடும் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். யுபிஎஸ் இல்லாமல் கோபால்ட் படிய வைக்கத் தொடங்காதீர்கள்.

திரவ நைட்ரஜன் போதுமா?

எல்எஸ்எம்ஓ சாம்பிளில் 77 கெல்வினிலேயே சிக்னல் தெரியும், 10 கெல்வினைவிடச் சிறியதாக. அறை வெப்பநிலையை நெருங்கும்போது அது மறைவதற்குக் கரிமப் படலத்தைவிட எல்எஸ்எம்ஓ பரப்பின் முனைவாக்கம் சரிவதே பெரிய காரணம்.

மாட்டுக்குச் சினை ஊசி போட உறைவிந்து வைத்திருக்கும் அதே வகை நைட்ரஜன் கலன்தான் ஆய்வகத்துக்கும் தேவை. வாங்குமிடம் தெரியாதவர்கள் கால்நடைத் துறைக்கு நிரப்பித் தருபவர்களைக் கேட்கலாம். ஏற்காட்டில் வெப்பமானியை நைட்ரஜனில் முக்கிச் சரிபார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அது 77.4 கெல்வினில் அல்ல, ஏறத்தாழ 1.5 கெல்வின் கீழே கொதிக்கும்.

சாம்பிள் தாங்கியைச் சேலம் எவர்சில்வரில் செய்யலாமா?

தகடு 304 வகை என்றால் காந்தம் பிடிக்காது என்பார்கள். வளைத்து, அடித்து, திருகு வெட்டிய இடத்தில் அது லேசாகக் காந்தமாகிவிடும். 430 வகை முதலிலிருந்தே காந்தம்தான். செம்பு அல்லது பித்தளைத் தாங்கி, பித்தளை அல்லது டைட்டானியம் திருகு. வாங்கிய திருகு ஒவ்வொன்றையும், நூலில் தொங்கவிட்ட வலிய நியோடிமியம் காந்தத்துக்கு அருகே காட்டிப் பாருங்கள். காந்தம் அசைந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

கருப்பூர் வெள்ளைக்கல்லிலிருந்து (மேக்னசைட்) மக்னீசியம் ஆக்சைடு, சேர்வராயன் மலைப் பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுத்துப் பயன்படுத்தலாமே?

ஆசை நல்லதுதான். ஆனால் வெள்ளைக்கல்லைச் சுட்டுக் கிடைக்கும் ஆக்சைடில் சிலிக்காவும் சுண்ணாம்பும் இரும்பும் சதவீதக் கணக்கில் இருக்கும். உலைச் செங்கல்லுக்கு அது சரி. 2 நானோமீட்டர் தடைப் படலத்துக்கு 99.99 சதவீதத் தூய்மை வேண்டும், இரும்பு கலந்தால் அதுவே ஸ்பின்னைப் புரட்டும். வாங்கிவிடுங்கள்.

மின்னோட்டமே இல்லாமல் ஸ்பின்னை மட்டும் செலுத்த முடியுமா?

முடியும், ஸ்பின் பம்பிங். பெர்மல்லாய் (நிக்கல்-இரும்புக் கலவை) படலத்தை நுண்ணலையில் அதிர வைத்தால் பக்கத்துப் படலத்துக்குள் ஸ்பின் வழியும்; மறுபக்கம் பிளாட்டினம் அதை மின்னழுத்தமாக மாற்றும். 2014-இல் வதனபே குழு பிபிடிடிடி பாலிமரில் இப்படித்தான் 200 நானோமீட்டர் அளவுப் பரவல் நீளம் எடுத்தது. இதில் கடத்துதிறன் பொருத்தமின்மைத் தொல்லை இல்லை. இஎஸ்ஆர் (எலக்ட்ரான் ஸ்பின் ஒத்ததிர்வு) கருவியின் 9.4 கிகாஹெர்ட்ஸில் பெர்மல்லாய் 100 மில்லிடெஸ்லா அருகே ஒத்ததிரும். வரும் மின்னழுத்தம் மைக்ரோவோல்ட் அல்லது அதற்கும் கீழே; புலத்தைத் திருப்பினால் குறி மாற வேண்டும். வெப்பமின் விளைவும் பெர்மல்லாயின் திசைசார் காந்தமின்தடையும் இங்கேயும் வேஷம் போடும். பிளாட்டினத்துக்குப் பதில் செம்பு வைத்த சாம்பிளையும் கூடவே செய்யுங்கள்.

இதை வைத்து விற்பனைக்கு என்ன வந்திருக்கிறது?

ஹார்டு டிஸ்க் தலையில் இருப்பது மக்னீசியம் ஆக்சைடு சந்தி. அதில் கரிமம் கிடையாது. ஸ்பின் செலுத்தி ஒளியைக் கட்டுப்படுத்தும் ஓஎல்இடி 2012-இல் ஆய்வகத்தில் வேலை செய்தது. கடைக்கு வரவில்லை.

குளோரோஃபார்ம், டைகுளோரோபென்சீன் கழிவைச் சிங்கில் ஊற்றலாமா?

கூடாது. ஹாலஜன் உள்ள கரைப்பானுக்கு ஒரு பாட்டில், அசிட்டோன், ஆல்கஹாலுக்கு வேறொரு பாட்டில். குளோரோஃபார்மையும் அசிட்டோனையும் ஒரே பாட்டிலில் சேர்த்து, அதில் காரமும் கலந்தால் சூடேறி வெடிக்கும். மூடியில் தேதியும் உள்ளே இருப்பதும் எழுதி, முக்கால் பாகம் நிறைந்ததும் அபாயக் கழிவு எடுக்க உரிமம் பெற்றவரிடம் ஒப்படையுங்கள்.